முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகள்: பணத்துக்கு என்ன வழி?

எம்.ஏ. முடித்துவிட்டு ஆய்வில் சேர வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "நல்ல தலைப்பு ஒன்று சொல்லுங்கள்" என்பதுதான். தலைப்பைப் பற்றி நிறையப் பேசலாம். ஆனால் அதற்கு முன்னால் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன். சேர்ந்த நாளிலிருந்து ஒன்றரை வருஷத்துக்குச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் என்ன ஏற்பாடு?

வரலாறு, சமூகவியல், தமிழ், மானிடவியல், பொருளியல் போன்ற துறைகளில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. அறிவியல் துறைகளில் கைடிடம் ஒரு புராஜெக்ட் இருந்தால் அதிலிருந்து மாணவருக்கு ஒரு தொகை வரும். நம் துறைகளில் அது அபூர்வம். உதவித்தொகையை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். அப்படித் தேடிக் கிடைப்பவற்றிலும் பல, பிஎச்.டி. பதிவு முடிந்த பிறகுதான் விண்ணப்பிக்கக் கூடியவை. ஆக, பணம் அதிகம் தேவைப்படுகிற தொடக்க மாதங்களில்தான் கையில் ஒன்றும் இருக்காது. பாதியில் விட்டுப்போன என் நண்பர்கள் யாரும் ஆய்வு செய்யத் தெரியாதவர்கள் அல்ல. இந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல் போனவர்கள். குடும்பத்தில் முதல்முறையாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள் அவர்களில் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேரப்போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

எம்.ஏ. இரண்டாம் ஆண்டிலேயே நெட் எழுதுங்கள்

இது முதல் படி. இதைத் தள்ளிப்போட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வை ஆண்டுக்கு இருமுறை, ஜூன் சுற்று, டிசம்பர் சுற்று என்று தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. முதுகலை இறுதியாண்டு படிப்பவர்களும் எழுதலாம். முதல் தாளில் 50 கேள்விகள், 100 மதிப்பெண். இரண்டாம் தாள் உங்கள் பாடம்: 100 கேள்விகள், 200 மதிப்பெண். மொத்தம் மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, எனவே எந்தக் கேள்வியையும் விடாமல் விடையளித்துவிடுங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் இலக்கியம் போன்ற மொழிப் பாடங்களைத் தவிர மற்ற வினாத்தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். வரலாறு நன்றாகத் தெரிந்த ஒருவர் கேள்வி புரியாமல் மதிப்பெண்ணை இழப்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய வினாத்தாள்களை ஆங்கிலத்திலேயே போட்டுப் பார்ப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. ஆறு மாதம் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் கலைச்சொற்கள் பழகிவிடும். முதல் தாளையும் அலட்சியம் செய்யாதீர்கள். அதில் வரும் தர்க்கமும் தரவு விளக்கமும் பயிற்சி செய்தால் வந்துவிடக் கூடியவை. ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகை, கிடைப்பதும் கிடைக்காததும் பல சமயம் அந்தப் பத்து மதிப்பெண்ணில்தான் முடிவாகிறது.

2024 ஜூன் சுற்றிலிருந்து நெட் முடிவில் மூன்று நிலைகள் உண்டு. மேலே இருப்பவர்களுக்கு ஜேஆர்எஃப், உதவிப் பேராசிரியர் தகுதி இரண்டும் கிடைக்கும். அடுத்த நிலைக்கு உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கைத் தகுதியும். மூன்றாவது நிலைக்குச் சேர்க்கைத் தகுதி மட்டும், அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். இந்த மூன்றில் பணம் வருவது ஜேஆர்எஃப்-இல் மட்டுமே.

அந்தத் தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆக உயர்த்தப்பட்டால் 42,000. விடுதி வசதி இல்லாதவர்களுக்கு நகரத்தைப் பொறுத்து வீட்டு வாடகைப் படி தனி. நம் துறைகளுக்குக் கான்டிஞ்சென்சி, அதாவது புத்தகம், பயணம், ஜெராக்ஸ் போன்றவற்றுக்கான தொகை, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500. மொத்தக் காலம் ஐந்து ஆண்டுகள். வயது வரம்பு 30. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் 5 ஆண்டுத் தளர்வு உண்டு.

புதியவர்களுக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள். ஜேஆர்எஃப் கடிதம் கைக்கு வந்தால் மூன்று ஆண்டுகளுக்குள் எங்காவது பிஎச்.டி.யில் சேர்ந்தால் போதும். அதனால் அவசரப்பட்டுக் கிடைத்த இடத்தில் சேர வேண்டியதில்லை. இன்னொன்று, ஏற்கெனவே பிஎச்.டி.யில் சேர்ந்துவிட்டவர் பிறகு ஜேஆர்எஃப் பெற்றால், நெட் முடிவு வந்த தேதியிலிருந்து உதவித்தொகை கணக்காகும். "சேர்ந்தாச்சு, இனி நெட் எதற்கு" என்று விட்டுவிடாதீர்கள். வயது வரம்பு இருக்கும் வரை எழுதிக்கொண்டே இருங்கள்.

சேரும் இடத்தைத் தேர்வு செய்யும்போது பணத்தையும் பாருங்கள்

ஜேஆர்எஃப் இல்லாமல் சேர்வதென்றால், எங்கே சேர்கிறீர்கள் என்பதே உங்கள் முதல் இரண்டு ஆண்டு வருமானத்தைத் தீர்மானிக்கும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் முழுநேர ஆய்வாளர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் நான்-நெட் (நெட் அடிப்படையில் அல்லாத) உதவித்தொகை உண்டு. நமக்குப் பக்கத்தில் திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், கொஞ்சம் தள்ளி ஹைதராபாத் பல்கலைக்கழகம் போன்றவை இந்த வகையில் வரும். 2015 அக்டோபரில் இந்தத் தொகையை நிறுத்தப்போகிறார்கள் என்றதும் டெல்லியில் யுஜிசி அலுவலக வாசலில் மாணவர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். தொகை தப்பியது. ஆனால் 8,000 இன்றைக்கும் 8,000 ஆகவே நிற்கிறது. விடுதியில் தங்கினால் சமாளிக்கலாம், வெளியே வீடு எடுத்தால் முடியாது.

ஐஐடிகளில் ஹியூமானிட்டீஸ் (மானுடப் புலங்கள்), சமூக அறிவியல் துறைகள் இருப்பது நம் பக்கத்து மாணவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. சென்னை ஐஐடியில் வரலாறு, இலக்கியம், பொருளியல், தத்துவம் எல்லாவற்றிலும் ஆய்வு நடக்கிறது. முழுநேர ஆய்வாளருக்கு ஜேஆர்எஃப் அளவிலேயே உதவித்தொகை, பதிலுக்கு வாரத்தில் சில மணி நேரம் கற்பித்தல் உதவி. சேர்க்கைப் போட்டி கடுமை, ஆனால் விண்ணப்பிக்க என்ன தயக்கம்? அடையாறில் 1971-இல் மால்கம் ஆதிசேஷய்யா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தையும் பாருங்கள். பொருளியல், சமூகவியல், வளர்ச்சி சார்ந்த ஆய்வுக்கு அது நல்ல இடம், நூலகமும் அருமையானது.

மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் கீழுள்ள கல்லூரிகளிலும் சேர்பவர்களுக்கு இப்படித் தானாக வரும் தொகை பெரும்பாலும் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் சொந்த நிதியிலிருந்து ஒரு சிலருக்குத் தருகின்றன. அது உண்டா, எத்தனை பேருக்கு, மாதா மாதம் வருகிறதா என்பதை அங்கே இப்போது படிக்கும் ஆய்வாளரிடம் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்டால் திட்டம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் தெரியும், பணம் எப்போது கைக்கு வந்தது என்பது தெரியாது.

சான்றிதழ்கள், சமூக அடிப்படையிலான உதவித்தொகைகள்

மத்திய அரசு எஸ்சி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 2,000 பேருக்கும், ஓபிசி மாணவர்களுக்கு 1,000 பேருக்கும், நாடு முழுவதற்குமாகத் தேசிய உதவித்தொகை தருகிறது. தொகை ஜேஆர்எஃப் அளவே. இதற்கும் நெட் தேர்வு மதிப்பெண்தான் அடிப்படை. நெட் விண்ணப்பம் நிரப்பும்போதே இதற்கான விருப்பத்தையும் குறிக்க வேண்டும். பொதுவான ஜேஆர்எஃப் சில மதிப்பெண்ணில் தவறியவர்களுக்கு இதில் கிடைத்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்த ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதால் இழந்தவர்களும் உண்டு. பழங்குடி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 750 பேருக்கான திட்டம் தனி. பழங்குடியினர் நல அமைச்சகம் நடத்துவது. அதற்கு நெட் தேவையில்லை, முதுகலை மதிப்பெண் போதும்.

ஓபிசி பிரிவினர் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் இடம் சான்றிதழ். நம்மிடம் இருக்கும் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் மாநில அரசுக்கானது. மத்திய அரசுத் திட்டங்களுக்கு ஓபிசி கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாதோர் சான்றிதழ் தனியாக வேண்டும். அது மத்திய அரசின் படிவத்தில் இருக்க வேண்டும், நடப்பு ஆண்டுக்கானதாகவும் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வாங்கச் சில வாரங்கள் ஆகலாம். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நாள் தப்பிவிடும். ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாக எடுத்து வைத்துவிடுங்கள்.

சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் தேசிய உதவித்தொகை 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளில் இன்னும் அதன் பெயர் இருக்கும், நம்பிக் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டு இஸ்லாமியர்களில் பல பிரிவினர் மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறார்கள். உங்கள் பிரிவின் பெயர் அதில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு அந்த வழியில் போங்கள்.

கிறித்துவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்கள் மத்திய எஸ்சி உதவித்தொகைக்குத் தகுதி பெறுவதில்லை. அவர்களுக்கு மாநில அரசின் திட்டம் முக்கியம். ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினரோடு கிறித்துவ ஆதிதிராவிடரும் இதில் விண்ணப்பிக்கலாம். குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். மாதத்துக்குப் பிரித்தால் எட்டாயிரத்துச் சொச்சம்தான். ஆனால் நெட் தேவையில்லை என்பதால், மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேரும் முதல் ஆண்டு மாணவருக்கு இதைவிட எட்டும் தூரத்தில் இன்னொன்று இல்லை. இதோடு முதலமைச்சர் ஆராய்ச்சி ஊக்கத்தொகைத் திட்டமும் உண்டு. அதற்கான தகுதித் தேர்வை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது. அவர்களின் அறிவிப்புப் பக்கத்தை மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரே பெண் குழந்தையாக இருப்பவர்களுக்கு யுஜிசியின் சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே உதவித்தொகை இருக்கிறது. சகோதரன் இருந்தால் கிடைக்காது, இரட்டைப் பெண்களாக இருந்தால் கிடைக்கும். வயது வரம்பு 40, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45. இதற்கும் நெட் வேண்டாம். முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் முழுநேரப் பதிவும் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை வாங்கக் கூடாது என்பது எல்லாத் திட்டங்களுக்கும் பொது. சிறியதில் இருக்கும்போது பெரியது கிடைத்தால் எழுத்துப்பூர்வமாக முதலாவதை விட்டுவிட்டு அடுத்ததில் சேர வேண்டும். மறைத்தால் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

ஒரு மாதம் ஊருக்குப் போய்ப் பாருங்கள்

சரி, இப்போது தலைப்புக்கு வருவோம். உதவித்தொகைக் குழு படிக்கும் ஆய்வு முன்மொழிவுகளில் பாதிக்கு மேல், உட்கார்ந்த இடத்திலேயே எழுதப்பட்டவை என்று இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியது ஒன்றுதான். பதிவுக்கு முன்போ, பாடநெறி (கோர்ஸ் வொர்க்) நடக்கும் முதல் ஆண்டு விடுமுறையிலோ, ஒரு மாதம் களத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ போய் வந்துவிடுங்கள். இந்த ஒரு மாதத்துக்கு யாரும் பணம் தர மாட்டார்கள், பிறகு வரும் பணமெல்லாம் இந்த ஒரு மாதத்தால் வருவது.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். "தமிழகக் கண்மாய்கள்: ஒரு வரலாற்று ஆய்வு" என்று ஒரு மாணவர் எழுதிக்கொண்டு வருகிறார். இந்தத் தலைப்பில் ஐந்து வருஷத்தில் ஆய்வு முடியாது, ஐம்பது வருஷம் வேண்டும். குழுவும் அப்படித்தான் நினைக்கும். அந்த மாணவர் பரமக்குடியில் அறை எடுத்துத் தங்கிச் சுற்றுப்புறக் கிராமங்களுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடை திறந்து தண்ணீர் பங்கிட்டவர்களுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர்: நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன். அறுவடையில் நெல்லாகக் கூலி வாங்கியதை வயதானவர்கள் சொல்கிறார்கள். அந்தக் கூலி எப்போது நின்றது என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு காலத்தைச் சொல்கிறார்கள். ஆனால் பலருடைய பேச்சிலும் "ஜமீன் போனதுக்கப்புறம்" என்ற தொடர் வருகிறது.

இப்போது அவர் கையில் ஒரு கேள்வி இருக்கிறது. ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒழிக்கப்பட்டபோது கண்மாய்கள் அரசின் கைக்கு வந்தன. இன்றைக்கு ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 40 ஹெக்டேருக்குக் குறைந்த கண்மாய் ஊராட்சி ஒன்றியத்திடமும், அதற்கு மேற்பட்டவை அரசின் நீர்வளத் துறையிடமும் இருக்கின்றன. கண்மாயின் பொறுப்பு கைமாறிய அந்த ஆண்டுகளில் நீர்க்கட்டியின் கூலிக்கும் உரிமைக்கும் என்ன நடந்தது? இதற்குப் பத்து கிராமங்கள் போதும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய்த் துறை, பொதுப்பணித் துறை அரசாணைகளைத் தேட ஒரு காலவரம்பு இருக்கிறது. நேர்காணலுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதாகிவிட்டது என்பதால் இப்போதே செய்ய வேண்டிய அவசரமும் இருக்கிறது. இதைப் படிக்கும் குழு உறுப்பினர் நிமிர்ந்து உட்காருவார்.

அந்த ஒரு மாதத்துக்கு என்ன செலவாகும்? சிறு ஊரில் அறை வாடகை 4,000, சாப்பாடு நாளுக்கு 200 வீதம் 6,000, டவுன் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் நாளுக்கு 100 வீதம் 25 நாளுக்கு 2,500, ஜெராக்ஸுக்கு 1,500 என்று வையுங்கள். 14,000 ரூபாய். எம்.ஏ. முடித்து ஒரு பள்ளியிலோ டியூஷன் சென்டரிலோ நாலைந்து மாதம் வேலை பார்த்தால் சேர்க்கக் கூடிய தொகை இது. நான் என் முதல் களப்பயணத்துக்கு அப்படித்தான் சேர்த்தேன். கடன் வாங்கிப் போகாதீர்கள். கடன் கழுத்தை நெரிக்கும்போது மனிதர்களிடம் பொறுமையாக உட்கார்ந்து பேச முடியாது.

ஆவணக் காப்பகத்துக்குப் போகும்போது துறைத்தலைவர் அல்லது கைடிடம் அறிமுகக் கடிதம், அடையாள அட்டை இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழில் அச்சான பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் முதலில் போக வேண்டிய இடம். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடிகளும் கோயில் புகைப்படங்களும் ஏராளம். வீட்டிலிருந்தே செய்யக் கூடிய வேலையும் உண்டு: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளம், அப்புறம் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சேர்ந்திருக்கும் சோத்கங்கா. உங்கள் தலைப்பில் ஏற்கெனவே ஆய்வேடு இருக்கிறதா என்று சோத்கங்காவில் பார்க்காமல் முன்மொழிவை அனுப்பவே கூடாது.

முன்மொழிவை முதலில் தமிழில் எழுதுங்கள்

விண்ணப்பங்களைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தர வேண்டியிருக்கும். அதற்காக நேராக ஆங்கிலத்தில் தொடங்கினால், கேள்வி நழுவி, கேள்விப்பட்ட பெரிய சொற்கள் வந்து பக்கத்தை நிரப்பிவிடும். நான் எல்லோரிடமும் சொல்வது இது: களத்தில் கண்டதை உங்கள் அம்மாவுக்குச் சொல்வதுபோல் இரண்டு பக்கம் தமிழில் எழுதுங்கள். என்ன கேள்வி, இதை ஏன் கேட்கிறேன், இதுவரை யார் என்ன சொல்லியிருக்கிறார்கள், நான் எங்கே போய் எதைப் பார்ப்பேன், எத்தனை மாதம் ஆகும். அதைப் படித்து அம்மாவுக்குப் புரிந்தால் ஆங்கிலத்துக்குப் போகலாம். ஆங்கிலத்தில் எழுதியதைத் துறைக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்துத் திருத்துங்கள். பணம் வாங்கிக்கொண்டு முன்மொழிவு எழுதித் தருகிறவர்களிடம் போகாதீர்கள். நேர்முகத்தில் ஒரு கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அதைவிட, அடுத்த நான்கு ஆண்டுகள் வேறொருவருடைய கேள்வியோடு வாழ வேண்டியிருக்கும்.

வரவு செலவுத் திட்டத்தைக் குத்துமதிப்பாகப் போடக் கூடாது. "களப்பணி: 50,000" என்று ஒரே வரியில் எழுதினால் எழுதியவர் களத்துக்குப் போனதில்லை என்று அர்த்தம். எத்தனை கிராமம், எத்தனை நாள், எங்கே தங்குவது, பஸ் கட்டணம் என்ன என்று உடைத்துப் போடுங்கள். எல்லோரும் மறப்பது நேர்காணலை எழுத்தாக்கும் நேரம். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க நான்கைந்து மணி நேரம் ஆகும். ஒன்றரை மணி நேரம் வீதம் 12 நேர்காணல் என்றால் 18 மணி நேரப் பதிவு, கிட்டத்தட்ட 90 மணி நேர உழைப்பு. வட்டாரப் பேச்சை வேறொருவரிடம் கொடுத்து எழுதினால் பாதி கெட்டுவிடும், அதனால் அந்த நேரத்தை உங்கள் கால அட்டவணையிலேயே வையுங்கள்.

பதிவு முடிந்த பிறகு திறக்கும் கதவுகள்

இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம், ஐசிஎஸ்எஸ்ஆர், 1969-இல் தொடங்கப்பட்டது. பதிவு உறுதியான ஆய்வாளர்களுக்கு ஆண்டுதோறும் முனைவர் பட்ட உதவித்தொகை அறிவிக்கிறது. மாதம் 20,000 ரூபாய், கான்டிஞ்சென்சி ஆண்டுக்கு 20,000, அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள். ஜேஆர்எஃப் வயதைத் தாண்டியவர்களுக்கும், வேலைக்குப் போய்விட்டுத் தாமதமாக ஆய்வுக்கு வந்தவர்களுக்கும் இது பெரிய ஆதரவு. இணையத்தில் விண்ணப்பித்தால் மட்டும் போதாது. கைடும் நிறுவனத் தலைவரும் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். அந்தக் கையெழுத்துகள் கடைசி வாரத்தில் கிடைக்காது. பதிவாளர் அலுவலகத்தில் என் கோப்பு ஒரு மேசையில் பதினோரு நாள் கிடந்ததால் நான் ஒரு வருஷம் இழந்தேன். அதிலிருந்து, அறிவிப்பு வந்த மறுநாளே கையெழுத்துக்கான கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் மற்றதை எழுத உட்காருவேன்.

வரலாற்று மாணவர்களுக்கு இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் ஜேஆர்எஃப் உண்டு. எழுத்துத் தேர்வு, நேர்முகம் இரண்டும் இருக்கும். மாதம் 17,600, கான்டிஞ்சென்சி 16,500, இரண்டு ஆண்டுகள். அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது அவர்களின் பயண மானியம், வெளியூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் வர உதவும் சிறு தொகை. தத்துவத்துக்கு இதேபோல் இந்தியத் தத்துவ ஆராய்ச்சிக் கழகம்.

வெளிநாட்டு ஆவணங்கள் தேவைப்படுகிறவர்களுக்கு இரண்டைச் சொல்வேன். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் கம்பெனி கால, காலனிய கால ஆவணங்களைப் பார்க்க வேண்டுமென்றால் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட். சில வாரங்களிலிருந்து மூன்று மாதம் வரையிலான ஆய்வுப் பயணத்துக்கு உதவுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தங்கி வேலை செய்ய ஃபுல்பிரைட்-நேரு முனைவர் பட்ட ஆய்வு உதவித்தொகை, 6 முதல் 9 மாதம். இந்தியாவில் பிஎச்.டி. பதிவு செய்து ஓராண்டாவது ஆனவர்களுக்கானது. அங்குள்ள பேராசிரியரிடமிருந்து அழைப்புக் கடிதம் வாங்கச் சில மாதங்கள் ஆகும் என்பதால், பாடநெறி முடியும் தறுவாயிலேயே மின்னஞ்சல் எழுதத் தொடங்குங்கள். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை எழுதுங்கள், அதில் தப்பே இல்லை.

பணம் வரத் தொடங்கியதும்

சேர்க்கை அறிக்கை போய், கணக்கு உருவாகி, ஜேஆர்எஃப் முதல் தொகை வரச் சில மாதங்கள் ஆவது வழக்கம். பிறகு நிலுவை மொத்தமாக வரும். அதுவரை தாக்குப்பிடிக்கக் குறைந்தது ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள். முடியாவிட்டால் விடுதி கிடைக்கும் இடத்தில் சேருங்கள். ஒவ்வொரு மாதமும் நீங்கள் வந்து வேலை செய்தீர்கள் என்று உங்கள் நிறுவனத்தில் இதற்குப் பொறுப்பான நோடல் அதிகாரி இணையதளத்தில் உறுதி செய்தால்தான் தொகை வங்கிக்கு வரும். அவர் விடுப்பில் போனால் உங்கள் பணமும் நிற்கும். மாதக் கடைசியில் நேரில் போய் நினைவூட்டுங்கள். அதைச் செய்யும் எழுத்தரின் பெயரும் தொலைபேசி எண்ணும் உங்களிடம் இருக்கட்டும்.

நிலுவைத் தொகையைச் சேர்ந்தாற்போல் பார்த்ததும் வீட்டிலிருந்து தேவைகள் வரும். தங்கை கல்யாணம், அப்பாவின் கடன். கொடுக்காமல் இருக்க முடியாது என்பதை அறிவேன். ஆனால் கான்டிஞ்சென்சியையும் மூன்று மாதச் செலவையும் தனிக் கணக்கில் போட்டு வைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள்.

பெண் ஆய்வாளர்களுக்கு இரண்டு உரிமைகள் உண்டு, அலுவலகங்கள் தாமாக எடுத்துச் சொல்வதில்லை. 2022 யுஜிசி விதிகளின்படி மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்புக்காக மொத்தம் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். ஆய்வை முடிக்க மற்றவர்களைவிட இரண்டு ஆண்டு கூடுதலாகவும் கிடைக்கும். அதே விதிகள் ஆய்வேடு கொடுப்பதற்கு முன் கட்டாயம் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டன. சில பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் இன்னும் கேட்கின்றன. அப்படிக் கேட்டாலும், காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் அச்சடித்துத் தரும் இதழ்களுக்கு உதவித்தொகையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பஸ் டிக்கெட், ஜெராக்ஸ் ரசீது, புத்தகக் கடை பில் எல்லாவற்றையும் தேதி எழுதி ஒரு கோப்பில் சேருங்கள். வெப்பத்தாளில் அச்சான டிக்கெட் சில மாதத்தில் வெளுத்துவிடும், அன்றே படம் எடுத்துவிடுங்கள். ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கும்போது இந்தக் கோப்புதான் பேசும். இரண்டாம் ஆண்டு முடிவில் ஜேஆர்எஃப்-ஐ எஸ்ஆர்எஃப் ஆக உயர்த்த வெளி நிபுணர் உட்பட மூன்று பேர் கொண்ட குழு உட்காரும். அவர்கள் முன்னால் வைக்க வேண்டியவை தேதியிட்ட களக்குறிப்பேடு, பார்த்த ஆவணங்களின் எண்களோடு ஒரு பட்டியல், எழுதி முடித்த ஓர் இயலின் வரைவு. அந்தக் கூட்டத்தை நடத்தச் சொல்லித் துறைக்கு எழுத வேண்டியதும் நீங்கள்தான், இரண்டாம் ஆண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே எழுதிக் கொடுங்கள்.